கணக்கு மேகத்தில்... நகை பெட்டகத்தில்!

கூட்டுறவுச் சங்கத்தில் நகை அடகு வைப்பது பார்வைக்குப் பத்து நிமிட வேலை. மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, அமிலம் விட்டு நிறம் பார்க்கிறார். தராசில் வைத்து மொத்த எடையைக் குறிக்கிறார். கல்லுக்கும் அரக்குக்கும் அழுக்குக்கும் கழித்து நிகர எடையை எழுதுகிறார். கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கில் கடன் தொகை முடிவாகிறது. நகை ஒரு சிறு பைக்குள் போகிறது. கூடவே கடன் எண், உறுப்பினர் எண், பெயர், எடை, தேதி எழுதிய சீட்டு ஒன்றும் போகிறது. பை இரும்புப் பெட்டகத்துக்குள் வைக்கப்பட்டுப் பூட்டப்படுகிறது. உறுப்பினர் பணத்தையும் ரசீதையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார். அதன்பிறகு அந்த நகையைப் பற்றி வெளியுலகம் அறிவதெல்லாம் ஏட்டில் உள்ள ஒரே ஒரு வரிதான். அந்த வரி உண்மையாக இருக்கும்வரை சங்கம் நிற்கிறது. வரி பொய்யானால், பெட்டகம் எத்தனை கனமாக இருந்தாலும் பயனில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் தாலுகாவின் தலைமையிடமான கீரனூருக்கு இது ஏட்டில் படித்த பாடமல்ல. 2021 டிசம்பரில் கீரனூர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் தமிழ்நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டது. நகையே இல்லாமல் நகைக்கடன் எழுதி, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடு நடந்திருப்பதாகக் கூட்டுறவுத் துறையின் ஆய்வில் தெரியவந்தது. சங்கத்தின் பொறுப்பில் இருந்தவர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. அந்த நேரத்தில் மாநிலம் முழுவதும் நகைக்கடன் தள்ளுபடிக்காகச் சங்கங்களில் உள்ள நகைப் பைகளை ஒன்று விடாமல் சரிபார்க்க அரசு உத்தரவிட்டிருந்தது. ஏட்டில் வரி இருந்தது. பெட்டகத்தில் அதற்குரிய நகை இல்லை. பைகளை எண்ணி, எடுத்து, திறந்து பார்த்ததால்தான் அந்த உண்மை வெளியே வந்தது.

இப்போது அதே கீரனூர் உள்ளிட்ட தமிழகத்துத் தொடக்கச் சங்கங்களின் ஏடுகள் ‘கிளவுட்’ எனப்படும் மேகக் கணினிக்குப் போகின்றன. சங்கத்தின் மேசைக் கணினியில் அடைந்து கிடந்த கணக்கு, தொலைவில் உள்ள தரவு மையத்தில் ஏறி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியும் நபார்டு வங்கியும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடியதாக மாறுகிறது. கடன், உரம், ரேஷன், வாடகை இயந்திரம் என்று சங்கத்தின் எல்லா வியாபாரமும் ஒரே மென்பொருளுக்குள் வருகிறது. அதிலிருந்து பகுப்பாய்வு அறிக்கைகள் தானாகவே பிறக்கின்றன. இந்த மாற்றம் தேவையானது, தாமதமாக வந்தாலும் வரவேற்க வேண்டியது என்பதே இந்தக் கட்டுரையின் நிலை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கணக்கு மேலே ஏறுவதால் மட்டும் எதுவும் திருந்திவிடாது. அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரரான உறுப்பினரின் கண்ணுக்கு அது இறங்கி வர வேண்டும். மேலே உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் கணக்கு பாதிக் கணக்குதான்.

திரூரில் தொடங்கிய பயணம்

இந்தியாவின் கூட்டுறவுச் சட்டம் 1904-இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் ஒரு வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. வட்டிக்கடைக்காரரிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த விவசாயிகள், ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று கடன் வாங்கவும் கொடுக்கவும் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அன்றைய சங்கம் சிறியது. யார் வாங்கினார், யார் கட்டவில்லை என்பது ஊருக்கே தெரியும். கணக்குப் புத்தகத்துக்கு ஊரின் கண்ணே தணிக்கையாளராக இருந்தது.

நூறு ஆண்டுகளில் சங்கம் வளர்ந்தது. அந்தக் கண் மங்கியது. ஒரு சங்கத்தின்கீழ் பல வருவாய்க் கிராமங்கள், ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள், பயிர்க்கடன், நகைக்கடன், வைப்புத்தொகை, உரக்கிடங்கு, ரேஷன் கடை, பொதுச் சேவை மையம் என்று வேலைகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் தனி ஏடு. ரொக்கப் புத்தகம் ஒரு கணக்கு சொல்லும், பொதுப் பேரேடு இன்னொன்று சொல்லும். ஆண்டு முடிவில் இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்ய வாரக்கணக்கில் உட்கார வேண்டும். தணிக்கை வருவதற்குள் தவறு செய்தவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார். பிறகு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவின்கீழ் விசாரணை, 87-ஆம் பிரிவின்கீழ் தண்டத்தொகை விதிப்பு என்று கோப்பு ஆண்டுக்கணக்கில் நகரும். பணம் அதற்குள் போன இடம் போயிருக்கும்.

இந்த நோயைப் பொருளாதார அறிஞர் ஏ.வைத்தியநாதன் தலைமையிலான குழு 2005-லேயே அடையாளம் கண்டது. கிராமக் கூட்டுறவுக் கடன் அமைப்புக்குப் பண உதவி செய்தால் மட்டும் போதாது, எல்லாச் சங்கங்களுக்கும் ஒரே மாதிரியான கணக்குமுறையும் கணினிமயமும் வேண்டும் என்று அந்தக் குழு வலியுறுத்தியது. அதன்பின் பல சங்கங்களுக்குக் கணினிகள் வந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மென்பொருள். ஒன்றோடொன்று பேசாத கணினிகள். ஏட்டில் இருந்த இருட்டு, திரைக்குள் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த பெரிய அடி 2022 ஜூன் 29-ஆம் தேதி எடுத்துவைக்கப்பட்டது. நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களை ஒரே மென்பொருளின்கீழ் கொண்டுவர 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் 1,528 கோடி மத்திய அரசின் பங்கு. கிளவுட் அடிப்படையிலான பொது மென்பொருள், பழைய ஏடுகளைக் கணினியில் ஏற்றுதல், வன்பொருள், பயிற்சி ஆகியவை அதில் அடக்கம். செயல்படுத்தும் பொறுப்பு நபார்டு வங்கியுடையது. பின்னர் சங்கங்களின் எண்ணிக்கையும் தொகையும் கூட்டப்பட்டன. மென்பொருள் அந்தந்த மாநில மொழியில் இயங்க வேண்டும் என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி. ஒரு பெரிய தனியார் நிறுவனம் தன் கிளைகளை எல்லாம் ஒரே வணிக மேலாண்மை மென்பொருளில் கட்டிவைப்பதைப் போல, கிராமத்துச் சங்கத்தையும் மாவட்ட வங்கியையும் மாநில வங்கியையும் ஒரே சரத்தில் கோக்கும் முயற்சி இது.

35 லட்சம் கடன்கள் சொன்ன பாடம்

கணக்குகளை ஒரே இடத்தில் குவித்து அலசினால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. 2021 தேர்தலுக்குப் பின், கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரனுக்கு உட்பட்டு வைக்கப்பட்ட நகைக்கடன்கள் தள்ளுபடி செய்யப்படும் என்று செப்டம்பர் மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். மதிப்பீடு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய். வழக்கம்போலச் சங்கம் அனுப்பும் பட்டியலுக்கு அப்படியே பணம் ஒதுக்காமல், கடன் விவரங்கள் அனைத்தும் திரட்டப்பட்டு ஆதார் எண், குடும்ப அட்டை எண்ணோடு ஒப்பிடப்பட்டன. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சுமார் 48 லட்சத்து 84 ஆயிரம் கடன்களில் சுமார் 35 லட்சத்து 37 ஆயிரம் கடன்கள் தள்ளுபடிக்குத் தகுதியற்றவை என்று ஆண்டு இறுதியில் அறிவிக்கப்பட்டது.

இந்த எண்ணை அவசரப்பட்டுப் படித்துவிடக் கூடாது. 35 லட்சமும் மோசடி என்று அதற்குப் பொருளல்ல. 5 சவரனுக்கு மேல் வைத்தவர்கள், அரசு ஊழியர் குடும்பங்கள், ஏற்கெனவே சலுகை பெற்றவர்கள், கடனைத் திருப்பிவிட்டவர்கள் என்று பல வகையினர் விதிப்படி விலக்கப்பட்டனர். ஆனால் ஒரே குடும்பம் ஒரே நேரத்தில் பல கடன்களை, அதுவும் வெவ்வேறு சங்கங்களில், வைத்திருந்ததும் அந்த ஒப்பீட்டில்தான் தெரிந்தது. கீரனூர்ச் சங்கத்தின் ஏட்டை மட்டும் எத்தனை முறை புரட்டினாலும், அதே ஆள் பக்கத்து ஊர்ச் சங்கத்தில் இன்னொரு கடன் வாங்கியிருப்பது தெரியாது. இரண்டு ஏடுகள் ஒன்றாக வைக்கப்படும்போதுதான் அது தெரியும். பகுப்பாய்வு என்ற பெரிய சொல்லின் உள்ளடக்கம் இவ்வளவுதான்: தனித்தனியாக இருந்தபோது ஊமையாக இருந்த கணக்குகள், சேர்த்து வைத்தால் பேசத் தொடங்குகின்றன.

அந்த ஆய்வில் ஒரு குறையும் இருந்தது. அது ஒருமுறை நடந்தது; தள்ளுபடி என்ற பெருஞ்செலவு தலைக்கு மேல் வந்து நின்றதால் நடந்தது. அதிகாரிகள் மாதக்கணக்கில் தகவல் திரட்டினார்கள். அதே கணக்குகள் தினமும் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டிருந்தால், இந்தக் கேள்விகளை ஒவ்வொரு மாலையும் கேட்கலாம். ஒரே கைபேசி எண் எத்தனை பேரின் கடன்களில் இருக்கிறது? ஒரே நாளில் முடித்து அன்றே மறுபடி எழுதப்பட்ட கடன்கள் எவை? தள்ளுபடி வரும் என்ற பேச்சு அடிபடும் மாதத்தில், 40 கிராமுக்குச் சற்றுக் கீழே எடை காட்டிய கடன்கள் திடீரென்று பெருகிய சங்கம் எது? வேலை நேரம் முடிந்தபின் பதிவான கடன்கள் யாருடைய கடவுச்சொல்லில் ஏறின? இவற்றுக்கெல்லாம் செயற்கை நுண்ணறிவு வேண்டியதில்லை. எளிய கூட்டல், ஒப்பிடல், வரிசைப்படுத்தல் போதும். வேண்டியதெல்லாம் கணக்கு ஒரே இடத்தில், ஒரே வடிவில், அன்றன்றைக்கு இருக்க வேண்டும் என்பதுதான்.

நல்ல உறுப்பினருக்கும் இதில் நேரடி ஆதாயம் உண்டு. தமிழ்நாட்டில் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. தவணை தவறினால் அந்தச் சலுகை போய்விடும். குளத்தூர் வட்டாரம் பெரும்பாலும் மழையையும் கண்மாயையும் கிணற்றையும் நம்பிய பூமி. விளைச்சல் எப்போது கைக்கு வரும், எப்போது பணமாகும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தேதியை மறந்து சலுகையை இழப்பவர்கள் உண்டு. தவணைக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது இந்த மென்பொருளுக்கு மிகச் சிறிய வேலை. உரக்கிடங்கில் யூரியா தீரும் தருவாயில் இருப்பதை நடவுக்கு முன்பே மாவட்டத்துக்குச் சொல்லவும் அதே கணக்குப் போதும்.

பை காலி என்று மென்பொருளுக்குத் தெரியுமா?

இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. கீரனூரில் நடந்தது கணக்குப் பிழையல்ல. நகை இல்லாத பைக்குக் கடன் எழுதியது. காகித ஏட்டில் பொய் எழுதியவர் கிளவுடிலும் அதே பொய்யைத் தட்டச்சு செய்ய மாட்டாரா? செய்வார். எந்த மென்பொருளும் பெட்டகத்துக்குள் கையை விட்டுப் பையைத் தடவிப் பார்க்காது. எடை என்ற கட்டத்தில் 32 கிராம் என்று அடித்தால், அது 32 கிராம் என்றே நம்பும். பொய்யும் மெய்யும் ஒரே எழுத்துருவில், ஒரே நேர்த்தியோடு திரையில் நிற்கும். அச்சிட்ட அறிக்கையின் அழகே ஆய்வாளரை ஏமாற்றிவிடும் ஆபத்தும் உண்டு. ‘சிஸ்டத்தில் சரியாக இருக்கிறது’ என்ற வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் பெட்டகத்தைத் திறக்காமலே போய்விடும் பழக்கம் வந்தால், காகித ஏட்டைவிட அது கேடு.

இந்த மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது கிளவுடுக்கு எதிரான வாதமாக முடியவில்லை. இன்னொரு கண் வேண்டும் என்ற வாதமாகவே முடிகிறது. ஒரு வரியை எழுதுபவரே அதைப் படிக்கும் ஒரே ஆளாகவும் இருந்தால் பொய் நிலைத்துவிடும். அந்த வரியால் ஆதாயமோ நட்டமோ அடையக்கூடிய இரண்டாவது ஆள் அதைப் படித்தால் பொய்க்கு ஆயுள் குறைவு. ஜி.எஸ்.டி. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விற்பவர் பில்லை இணையத்தில் ஏற்றாவிட்டால், வாங்கியவருக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடைக்காது. அதனால் திருச்சியில் சரக்கு வாங்கும் கீரனூர்க் கடைக்காரர், மாதம் பிறந்தால் தன் பில் ஏறியிருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறார். ஏறவில்லை என்றால் போன் போட்டுக் கேட்கிறார். ஒவ்வொரு கடைக்கும் ஓர் ஆய்வாளரை அனுப்ப அரசால் ஆகாது. வாங்குபவரையே ஆய்வாளராக்கியது அந்த ஏற்பாடு.

இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு நம் ரேஷன் கடையிலேயே இருக்கிறது. 2017-இல் ஸ்மார்ட் குடும்ப அட்டை வந்தபின், பொருள் வாங்கியதும் குடும்பத்தின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரத் தொடங்கியது. இத்தனை கிலோ அரிசி, இத்தனை சர்க்கரை என்று அதில் கணக்கு இருக்கும். அன்றிலிருந்து ‘வாங்காத பருப்புக்கு எப்படி மெசேஜ் வந்தது?’ என்று கடை வாசலில் நின்று கேட்கும் தைரியம் சாதாரணப் பெண்களுக்கு வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்குக் கணினி அறிவு தேவைப்படவில்லை. தங்கள் பெயரில் எழுதப்பட்ட வரி தங்கள் கைக்கு வந்ததே போதுமானதாக இருந்தது. அந்த ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவதும் இதே கூட்டுறவுச் சங்கங்கள்தாம். ஒரு கிலோ சர்க்கரைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, ஒரு லட்ச ரூபாய்க் கடனுக்கு ஏன் உறுதியாகக் கிடைக்கக் கூடாது? தன் பெயரில் நகைக்கடன் எழுதப்பட்ட மறுநிமிடம், கடன் எண், எடை, தொகை ஆகியவற்றோடு உறுப்பினரின் கைபேசிக்குச் செய்தி போனால், நகையே வைக்காத ஒருவரின் பெயரில் கடன் எழுதுவது அன்றைக்கே அம்பலமாகும்.

இதிலும் ஓட்டை உண்டு. உறுப்பினரின் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் எண்ணைப் பதிந்துவிட்டால், செய்தி வேறெங்கோ போகும். அதனால் கைபேசி எண்ணைப் பதிவதும் மாற்றுவதும் சங்கத்தின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியின் தனிச் சரிபார்ப்பு வேண்டும். அதோடு, எந்தப் பைகளைத் திறந்து எடை போட வேண்டும் என்பதைச் சங்கத்தவர் தேர்ந்தெடுக்காமல், மென்பொருள் குலுக்கல் முறையில் அன்று காலையில் சொல்ல வேண்டும். வேறு சங்கத்தைச் சேர்ந்த மதிப்பீட்டாளர் வந்து திறக்க வேண்டும். முன்னே எழுப்பிய சந்தேகக் கேள்விகளில் சிக்கிய கடன்கள் முதலில் திறக்கப்பட வேண்டும். ஆயிரம் பைகளையும் ஆண்டுக்கு ஒருமுறை அவசரத்தில் எண்ணுவதைவிட, வாரம் பத்துப் பைகளை எதிர்பாராத நாளில் திறப்பது பயனுள்ளது. எங்கே கை வைக்க வேண்டும் என்று மென்பொருள் சுட்டட்டும். கை மனிதருடையதாக இருக்கட்டும்.

கரண்ட் போனால்? களவு போனால்?

அடுத்த கேள்வி மின்சாரமும் இணையமும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது புதுக்கோட்டை மாவட்டம் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. மின்கம்பங்கள் கூட்டமாகச் சாய்ந்தன; பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன; கைபேசிக் கோபுரங்கள் ஊமையாயின. அப்படிப்பட்ட நாளில்தான் விவசாயிக்கு அவசரப் பணம் தேவைப்படும். அன்றைக்குச் சங்கத்தின் கணக்கு எங்கோ ஒரு தரவு மையத்தில் பூட்டிக் கிடந்தால் என்ன செய்வது? நியாயமான கவலை. ஆனால் அதே புயலில் ஓடு பறந்த கட்டடத்தில் நனைந்த ஏட்டையும், தண்ணீர் புகுந்த கணினியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இணையம் நாலு நாளில் வந்தால் கிளவுடில் உள்ள கணக்கு வைத்தபடியே இருக்கும். அழிந்துபோன ஏடு நாலு வருடம் ஆனாலும் வராது. இணையம் இல்லாதபோதும் பதிவு செய்து, வந்ததும் தானாக ஏற்றிக்கொள்ளும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும். அன்றைய நிலுவைப் பட்டியலின் அச்சுப் பிரதி ஒன்று வாரந்தோறும் சங்கத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பியைக் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்தில் சங்கக் கட்டடங்களுக்கு முதல் வரிசை தர வேண்டும்.

களவு பற்றிய அச்சம் இதைவிடக் கனமானது. 2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தின் கணினிகளை ‘ரேன்சம்வேர்’ எனப்படும் பணயத் தாக்குதல் முடக்கியது. தொற்று பரவாமல் இருக்க, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அந்த நிறுவனத்தைத் தன் வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. விளைவாக நாடு முழுவதும் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களால் யு.பி.ஐ. உள்ளிட்ட சேவைகளைப் பயன்படுத்த முடியவில்லை. ஒரே கூடையில் எல்லா முட்டைகளையும் வைப்பதன் அபாயம் இதுதான்: ஒரு சங்கத்தின் ஏடு தொலைந்தால் ஓர் ஊருக்கு நட்டம்; பொது மென்பொருள் முடங்கினால் மாநிலத்துக்கே முடக்கம்.

அப்படியானால் கணக்கை நம் அலமாரியிலேயே வைத்துக்கொள்வது பாதுகாப்பா? 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை தன் சொந்த சர்வர்களைத்தான் வைத்திருந்தது. பணயத் தாக்குதலில் அவை முடங்கி, நாட்டின் முதன்மை மருத்துவமனை இரண்டு வாரங்கள் அளவில் காகிதத்தில் சீட்டு எழுதியது. எய்ம்ஸாலேயே காக்க முடியாத சர்வரை, மூன்று நான்கு பணியாளர்கள் உள்ள கிராமச் சங்கம் காக்கும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். இன்னொரு பாடம் தென்கொரியாவிலிருந்து வந்தது. 2025 செப்டம்பரில் டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த 858 டெராபைட் தரவு எரிந்துபோனது. வேறிடத்தில் அதற்கு நகல் எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. கிளவுட் என்ற பெயரைக் கேட்டு வானத்தில் மிதப்பதாக நினைக்கக் கூடாது; அதுவும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில், மின்கலங்களுக்கு நடுவே இருக்கும் இயந்திரம்தான். எனவே சங்கக் கணக்கின் நகல் வேறு ஊரில், வேறு தரவு மையத்தில், தினமும் எடுக்கப்பட வேண்டும். அந்த நகலிலிருந்து கணக்கை மீட்க முடிகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். ஒத்திகை பார்க்காத நகல் வெறும் நம்பிக்கைதான்.

ஏடு யாருடையது?

மூன்றாவது கேள்வி அரசியல் சாசனம் சார்ந்தது. கூட்டுறவு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். 2021 ஜூலை 20-ஆம் தேதி 97-ஆவது திருத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும், மாநில எல்லைக்குள் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பதை உறுதிசெய்தது. அப்படியிருக்க, தேசிய மென்பொருளில் கணக்கை ஏற்றிவிட்டால் சங்கத்தின் கடிவாளம் டெல்லிக்குப் போய்விடாதா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. கணக்கைப் பார்ப்பவர் ஆளத் தொடங்குவார் என்பது பழைய அனுபவம். இதற்கு மென்பொருளை மறுப்பது விடையாகாது. உரிமையை எழுத்தில் வாங்குவதே விடை. தரவு சங்கத்துக்கும் அதன் உறுப்பினர்களுக்கும் சொந்தம். மாநிலக் கூட்டுறவுத் துறைக்கு முழுப் பிரதி எப்போதும் கிடைக்கும். நாளை வேறு மென்பொருளுக்கு மாற நினைத்தால் கணக்கு முழுவதையும் படிக்கத்தக்க வடிவில் எடுத்துக்கொண்டு போகலாம். உறுப்பினரின் கடன் விவரம் வியாபாரத்துக்காக யாருக்கும் தரப்படாது. இந்த நான்கும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாடகை வீட்டுக்குப் போகும்போது காலி செய்யும் நிபந்தனையையும் படித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போடுகிறோம்.

பணியாளர்களின் சுமையையும் ஒதுக்கிவிட முடியாது. பழைய நிலுவைகளைப் புதிய மென்பொருளில் ஏற்றுவதுதான் இந்த மாற்றத்திலேயே கடினமான பகுதி. முப்பது வருட ஏடுகளில் ஒரே உறுப்பினரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். இறந்தவரின் பங்குத்தொகை அப்படியே நிற்கும். பேரேடும் ரொக்கப் புத்தகமும் பொருந்தாத இடங்கள் இருக்கும். மாறும் காலத்தில் ஏட்டிலும் எழுதி, கணினியிலும் ஏற்றும் இரட்டை வேலை சில மாதங்களாவது இருக்கும். ரேஷன், உரம், கடன் என்று ஏற்கெனவே திணறும் பணியாளரிடம் இலக்கு நிர்ணயித்து விரட்டினால், அவர் பொருந்தாத தொகையைப் பொருந்தியதாகக் காட்டி முடித்துவிடுவார். பழைய பொய்க்குப் புதிய முத்திரை விழுந்துவிடும். தொடக்க நிலுவை ஒவ்வொன்றையும் உறுப்பினரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே ஏற்ற வேண்டும். அதற்கு நேரமும் கூடுதல் ஆட்களும் தேவை என்றால் அரசு கொடுக்க வேண்டும். இந்தத் திட்டத்தின் வெற்றியை எத்தனை சங்கங்கள் ‘ஏறிவிட்டன’ என்று எண்ணிப் பார்ப்பதைவிட, எத்தனை உறுப்பினர்கள் தங்கள் நிலுவையைச் சரி என்று ஒப்புக்கொண்டார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே சரியான அளவுகோல்.

உறுப்பினரை நடுவில் நிறுத்துவதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. வணிக வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்ச ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகத்தின் பாதுகாப்பு இருக்கிறது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் உண்டு. தொடக்கச் சங்கத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. சட்டத்தின் பார்வையில் அது வங்கியே அல்ல. ஊரார் வாய்வழக்கில் ‘சொசைட்டி பேங்க்’ என்று சொன்னாலும், பணத்துக்குக் காவல் கூட்டுறவுத் துறையும் உறுப்பினர்களும்தான். காப்பீடு இல்லாத இடத்தில் கண் விழிப்பாக இருக்க வேண்டும்.

கீரனூரிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில்தான் நார்த்தாமலை இருக்கிறது. சோழர் காலத்தில் வணிகர்கள் வாழ்ந்த நகரம் அது. அங்கும் சுற்றுவட்டாரக் கோயில்களிலும் நிலம் விற்றது, வரி விட்டது, கொடை கொடுத்தது என்று கணக்குகள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. புதுக்கோட்டை சமஸ்தானம் அவற்றைத் தொகுத்து 1929-இல் அச்சிட்டது. ஓலையில் எழுதிப் பெட்டியில் வைத்திருக்கலாம். ஆனாலும் பொதுச் சொத்தைப் பற்றிய கணக்கை, மக்கள் நடமாடும் இடத்தில், அழிக்க முடியாதபடி வெட்டி வைத்தார்கள். ஊரறிய இருக்கும் கணக்குக்கே மதிப்பு என்ற அறிவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கல்வெட்டின் இடத்துக்கு இன்று கைபேசித் திரை வரட்டும்.

எனவே கூட்டுறவுத் துறையிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு கடனுக்கும் அன்றே தமிழில் குறுஞ்செய்தி கட்டாயமாக வேண்டும். உறுப்பினர் தன் கணக்கைத் தானே பார்க்க வழி வேண்டும்; கைபேசி இல்லாதவருக்குச் சங்கத்திலேயே அச்சிட்ட அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். குலுக்கல் முறையில் திறக்கப்பட்ட பைகளின் முடிவு, பெயர்கள் இல்லாமல், எண்களோடு மட்டும் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கிளவுட் வந்த பிறகு இவை எதற்கும் பெருஞ்செலவு ஆகாது.

உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை சங்கத்துக்குப் போகும்போது, உங்கள் பெயரில் நிலுவையில் உள்ள கடன்கள் எத்தனை என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பதிவில் இருப்பது உங்கள் கைபேசி எண்தானா என்று பாருங்கள். நகை வைத்திருந்தால் பையில் உள்ள சீட்டையும் எடையையும் ரசீதோடு ஒப்பிடுங்கள். பொதுப்பேரவைக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் போய் உட்கார்ந்து வரவு செலவைக் கேளுங்கள். கணக்கு எந்த மேகத்தில் ஏறினாலும், பெட்டகத்தில் இருப்பது உங்கள் வீட்டு நகை.